இந்த வாட்டி எடது கை

தலைமை ஏற்றிருக்கும் டாக்டர் கீதாஞ்சலி அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, மனைவியை இழந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பரசுராமன் அவர்களே, பல ஊர்களிலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கும் தாய்மார்களே, உங்கள் அனைவருக்கும் கனத்த நெஞ்சோடு வணக்கம்.

கிராம சுகாதார செவிலியர் உண்ணாமலை அம்மையாரைப் பற்றி, மருந்தாளுநர் மாறனாகிய என்னைப் பேச அழைத்திருக்கிறீர்கள். எப்படிப் பேசுவேன்? 'இருந்தார்' என்று சொல்ல நாக்கு எழவில்லையே!

நம் பெண்கள் பலருக்குக் கருத்தடை மாத்திரை ஆகாது. உடம்புக்கு அல்ல, வீட்டுக்கு ஆகாது! அலமாரியில் அந்த அட்டையைப் பார்த்தால் மாமியார் ஊரைக் கூட்டிவிடுவார். மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி என்றால் யாருக்குத் தெரியும்? ஆனால் வீட்டை விட்டு வர ஒரு காரணம் வேண்டுமே! அதைக் கண்டுபிடித்தவர் யார்? நம் உண்ணாமலை! "மூணாவது பௌர்ணமிக்கு கிரிவலம் போறேன்னு சொல்லிட்டு வா கண்ணு. எந்த வீட்ல தடுப்பாங்க?" என்றார். எந்த வீட்டிலும் தடுக்கவில்லை. நெற்றியில் விபூதியோடு நம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்து ஊசி போட்டுக்கொண்டு, மலையையும் சுற்றிவிட்டுப் போனார்கள். போன முறை யாருக்கு எந்தக் கை என்பது அவருக்கு மனப்பாடம். "இந்த வாட்டி எடது கை" என்று அவரே ரவிக்கைக் கையை ஏற்றிவிடுவார்.

பிறகு ஊசி மருந்து வருவது நின்றது. "ஊசி வந்துச்சா சார்?" தினமும் காலையில் அவர் கேள்வி. "இல்லம்மா." தினமும் என் பதில். அவர் சும்மா இருந்தாரா? பக்கத்து நிலையங்களுக்கெல்லாம் அலைந்தார். அப்படி அலைந்து வெறுங்கையோடு திரும்பிய செங்கம் பஸ்ஸில்தான், சீட்டில் சாய்ந்தபடியே போய்விட்டார். "அக்கா, ஸ்டாண்டு வந்துடுச்சு, எறங்குங்க" என்று கண்டக்டர் தோளைத் தொட்டபோதுதான் தெரிந்தது.

நான் பேய் பிசாசை நம்புகிறவன் அல்லன். ஆனால் அவரை அடக்கம் செய்தபின் வந்த பௌர்ணமியன்று, ஊசிக்கு வந்தவர்களை நாங்கள் திருப்பி அனுப்பினோம். அவர்கள் கிரிவலக் கூட்டத்தில் கலந்துவிட்டார்கள். மறுநாள் ஒரு பெண் வந்து சொன்னார்: நெரிசலில் யாரோ இடது புஜத்தை அழுத்தி, "இந்த வாட்டி எடது கை" என்றார்களாம். திரும்பினால் கூட்டம்தான். வேறு ஊர்ப் பெண்ணுக்கு வலது கை. இன்னொருவருக்கு இடது. விசாரித்தால் எல்லாம் சரியான கை! அந்தக் கணக்கு வேறு யாருக்குத் தெரியும்?

போன திங்கட்கிழமை மருந்தகத்தைத் திறக்கிறேன். முதுகுக்குப் பின்னால், "ஊசி வந்துச்சா சார்?" பழக்கதோஷத்தில் "இல்லம்மா" என்றேன். பெருக்கிக்கொண்டிருந்த சரோஜா, "யார்கிட்ட சார் பேசறீங்க?" என்றார். திரும்பினேன். வராந்தா காலி.

இந்தக் கூட்டத்தில் ஒரு தங்கை இருக்கிறாள். யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம். பெயர் சொல்ல மாட்டேன். இன்னொரு பிரசவத்தை அவள் உயிர் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். உண்ணாமலை கடைசியாகப் பஸ் ஏறியது அவளுக்காகத்தான். நாளை பௌர்ணமி. நாளை அவள் முறை. நம் அலமாரியில் ஒரு குப்பிகூட இல்லை.

மாலையைப் போட்டுவிட்டுக் கலைந்து போகவா கூடினோம்? இல்லை! டாக்டரும் நானும் இங்கிருந்தே கிளம்புகிறோம். போளூர், ஆரணி, எங்கே ஒரு குப்பி மிச்சமிருந்தாலும் வாங்காமல் திரும்ப மாட்டோம். நாளை காலை என் முதுகுக்குப் பின்னால் அந்தக் கேள்வி வரும். "வந்துச்சும்மா" என்று நான் சொல்லியாக வேண்டும்.

தங்கையே, பயப்படாமல் வா. உனக்கு எந்தக் கை என்று எனக்குத் தெரியாது. வழியில் அவரே சொல்லிவிடுவார்.