வரேன் என்றொரு பெயர்

வெள்ளவத்தையில் ஏறிய பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். இளையவளின் மடியில் பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத ஆண்குழந்தை. மூத்தவள் அவளுடைய கணவனின் அக்கா.

“இதென்ன பேரடி, வரேன்? நாங்கள் வாறன் எண்டு சொல்லுறதைத்தானே உங்கட மலைநாட்டிலை வரேன் எண்டுறியள். ‘வரேன்’ எண்டு கூப்பிட்டால் அவன் ‘வரேன்’ எண்டோ பதில் சொல்லுறது?”

“வரமா வந்தவன்னு வச்சுக்கங்க அண்ணி.”

“சிங்களத்திலை வரென் எண்டால் ‘வாடா’. பள்ளிக்கூடத்திலை பெடியள் சும்மா விடுவாங்களே? பிறப்புப் பதியிறதுக்கு முதல் பேரை மாத்து.”

கேட்டுக்கொண்டிருந்த எனக்கும் அதே பயம் பிடித்துக்கொண்டது.

“முன்ன ரெண்டும் வயித்துலயே தவறிப்போச்சு அண்ணி. இவன்தான் ராவெல்லாம் ‘வரேன், வரேன்’னு உதைச்சுக்கிட்டே வந்தான். சிங்களத்துல வாடான்னு கூப்பிட்டா கூப்பிடட்டும். போடான்னு சொல்லலதானே?”

கொட்டாஞ்சேனையில் முதலில் இறங்கிய மூத்தவள், பிள்ளையை வாங்கத் திரும்பிக் கைகளை நீட்டினாள்.

“வரேன், மாமியிட்டை வாடா.”