மூன்று திங்கட்கிழமைகள்

எனக்குக் கூட்டம் பிடிக்காது. நீதிமன்றத்தின் பின்பக்கம் இருந்த அந்தச் சின்ன அறையை நானே கேட்டு வாங்கிக்கொண்டதற்கு அதுதான் காரணம். ஒரு மேசை, இரண்டு நாற்காலி, எளிதில் திறக்காத ஓர் இரும்பு அலமாரி. சிறைக்கு அனுப்பாமல் கண்காணிப்பில் விடப்பட்டவர்கள் வாரம் ஒருமுறை அங்கே வந்து, நன்னடத்தை அலுவலரான என் முன்னால் கையெழுத்துப் போட வேண்டும்.

அவர் பூட்டு உடைத்துத் திருடியவர். காவலர்கள் ‘சாவி’ என்று கூப்பிடுவார்கள். திங்கட்கிழமைக்காரர். முதல் வாரமே, நான் அலமாரியோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“தப்பா எடுத்துக்க மாட்டீங்கன்னா நான் திறக்கவா, மேடம்?”

“திறந்தா உங்க மேல இன்னொரு கேஸ் போடணும்.”

“போடுங்க. சாட்சி நீங்கதான்.”

சிரித்துவிட்டேன். எனக்கு அப்போது நாற்பத்தொரு வயது. அந்த அறையில் அதற்கு முன் சிரித்ததாக ஞாபகம் இல்லை.

பிறகு நடந்தது விதிக்குப் புறம்பானது என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கையெழுத்துப் போட்டதும் பேருந்து நிறுத்தம் வரை என் பையைத் தூக்கி வருவார். பிறகு வீட்டு வாசல் வரை. பிறகு மாடிக்கும் வந்தார். அங்கேயும் மேடம்தான். மாற்றிச் சொல்லுங்கள் என்றால், வாய் வரவில்லை என்பார்.

இரண்டு வருடக் கண்காணிப்பு முடிய ஒரு மாதம் இருந்தபோது, வெளியூரில் வெல்டிங் பட்டறை வைத்திருந்த அவருடைய அக்கா புருஷன் அவரை வேலைக்குக் கூப்பிட்டார்.

“அக்கா ஒரு ரூம் ஒழிச்சு வச்சிருக்கா. நீங்களும் வந்துடுங்களேன்.”

“வேலையை விட்டுட்டா?”

“அங்க யாருக்கும் என்னைத் தெரியாது, மேடம். புதுசா இருக்கலாம்.”

யோசிக்கிறேன் என்றேன். நான்கு நாள் யோசித்தேன். நான் போவதைப் பற்றி அல்ல, அவர் போகாமல் இருப்பதைப் பற்றி.

அவருடைய பதிவேட்டின் கடைசித் தாளில் மூன்று கையெழுத்துகள் இருந்தன. அந்தத் தாளைக் கிழித்து எடுத்துக்கொண்டேன். மூன்று திங்கட்கிழமை அவர் வரவில்லை என்று அறிக்கை எழுதினேன். இரண்டே பத்தி.

நீதிபதி அவரிடம் காரணம் கேட்டார். அந்த மூன்று நாளும் அவர் என் வீட்டுக்கு வந்ததைக் கீழே குடியிருந்த வீட்டுக்காரம்மா பார்த்திருந்தார். அதைச் சொல்லியிருந்தால் தப்பித்திருப்பார். என் வேலை போயிருக்கும். அவர் என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். கோபமாகப் பார்த்ததாகச் சொல்ல முடியாது.

“மறந்துட்டேங்கய்யா,” என்றார்.

மூன்று வருடம் உள்ளே போனார்.

மாதம் இரண்டு தடவை, அலுவல் முறையில் போய்ப் பார்த்தேன். இனி எங்கேயும் போய்விட மாட்டார் என்ற நிம்மதியில் நன்றாகத் தூங்கினேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. சொல்லாமல் விட்டால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும்.

இரண்டாவது வருடம், அவரை முன்கூட்டியே விடலாமா என்று சிறையிலிருந்து என்னிடம் கருத்துக் கேட்டார்கள். தம்பியை நான் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன் என்று அக்கா எழுதியிருந்த கடிதம் என்னிடம்தான் இருந்தது. ‘வெளியே ஆதரவு யாரும் இல்லை’ என்று பதில் எழுதினேன்.

அந்த மழைக்காலத்தில் அவருக்கு நெஞ்சில் சளி கட்டியது. சிறை மருத்துவமனையில் பதினோரு நாள் கிடந்து இறந்துபோனார்.

உடலை வாங்க வந்த அக்கா என்னைத் தேடி அறைக்கு வந்தார். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“அந்த மேடம் நீங்கதானே? ஒவ்வொரு லெட்டர்லயும் உங்களைப் பத்தி எழுதுவான். அவனை மனுஷனா மதிச்சது நீங்க ஒருத்தர்தானாம்.”

கையை இழுத்துக்கொள்ள எனக்குத் தைரியம் வரவில்லை. மறுநாள் காலை, கிழித்த தாளையும் அந்தக் கடிதத்தையும் நீதிபதி மேசையில் கொண்டுபோய் வைத்தேன்.

நான் செய்தது அவருக்குத் தெரியுமா என்று இந்த விசாரணையில் கேட்டீர்கள். தெரியும், கையெழுத்துப் போட்டவர் அவர்தானே. ஒரே ஒரு தடவை, ‘உண்மையைச் சொல்லிடுங்க, மேடம்’ என்று அவர் வாய்விட்டுக் கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன். அவர்தான் கடைசிவரை கேட்கவே இல்லை.