நெவிலின் காது

அது எந்த ஞாயிற்றுக்கிழமை என்று எனக்குச் சரியாக நினைவில்லை. எங்கள் ஊர் பப்பில் அன்று மதியம் ஆட்டிறைச்சி போட்டிருந்தார்கள் என்று நினைக்கிறேன், பன்றியாகவும் இருக்கலாம். என் நினைவை அவ்வளவாக நம்ப வேண்டாம். ஆனால் நெவில் கேட்ட கேள்வி மட்டும் மாறாமல் இருக்கிறது.

"கிளைவ், இதுக்குள்ள கை வெச்சியாடா?"

நாங்கள் பள்ளிக்காலத்திலிருந்து நண்பர்கள். ஞாயிறுதோறும் அந்த பப்பில் அவன் கிடார் வாசிப்பான். கிடார் ஒலியைப் பெருக்கும் அவனுடைய பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர் பெட்டியைப் பழுது பார்ப்பது நான். அவன் மனைவி ஹேசல் அதை வீட்டில் வைக்க விடவில்லை. ஆகவே வாரம் முழுக்க அது என் பட்டறையில்தான் கிடக்கும். அதற்குள் இருக்கும் மஞ்சள் கண்டென்சர்கள் என்ற சின்ன மின்பாகங்களில்தான் அதன் உயிரே இருக்கிறது என்பான் அவன். அளவு ஒன்றாக இருந்தால் எதை வைத்தாலும் ஒலி ஒன்றுதான் என்பேன் நான். ஊரே இந்தச் சண்டையைக் கேட்டுச் சலித்திருந்தது.

"வித்தியாசம் உன் காதுல இல்லடா, மண்டைல இருக்கு."

"உனக்குக் காது எதுக்குடா? கண்ணாடி மாட்டத்தானே."

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

ஒரு வாரம் அவனிடம் சொல்லாமல் மஞ்சளைக் கழற்றிவிட்டுப் புதியதை வைத்தேன். ஒன்றும் தெரியாமல் அவன் வாசித்து முடித்ததும் எல்லோர் முன்னாலும் சொல்லலாம் என்று இருந்தேன். அவன் ஒரு தந்தியைத்தான் மீட்டினான். நிறுத்தினான். அந்தக் கேள்வியைக் கேட்டான்.

பப் முழுக்க என்னைப் பார்த்தது. தொடவே இல்லை என்றேன்.

ஒருமுறை சரியாகச் சொல்வது தற்செயலாக இருக்கலாம். நியாயமான சோதனை என்றால் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். அடுத்த வாரம் பழையதை வைத்தேன். "இப்ப சரியாயிடுச்சு," என்றான். மறுபடி மாற்றினேன். அவன் முகம் வெளுத்தது. ஒவ்வொரு முறையும் தொடவில்லை என்று பொறுமையாகவே சொன்னேன்.

அவன் அம்மா கடைசிக் காலத்தில் இல்லாத குரல்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தவள். தனக்கும் அப்படி வரும் என்பது அவன் பயம். என்னிடம் மட்டும் சொல்லியிருந்தான்.

குளிர் தொடங்கியபோது அவன் வாசிப்பதையே விட்டுவிட்டான். ஹேசல் என் பட்டறைக்கு வந்தாள்.

"கெட்டில் கொதிச்சா என் முகத்தைப் பாக்கறான், கிளைவ். உனக்கும் கேக்குதாங்கறான். அந்தப் பெட்டிய நீ தொடலதானே? விளையாட்டுக்குன்னாலும் சொல்லிடு. கோவிச்சுக்க மாட்டேன்."

மஞ்சள் கண்டென்சர்கள் மேசைமேல் அவள் கைக்கருகே கிடந்தன. அவை என்னவென்று அவளுக்குத் தெரியாது.

"தொடல," என்றேன்.

பிறகு அவனே வந்தான். கோட்டைக் கழற்றக்கூட இல்லை.

"எது நிஜமாக் கேக்குது, எது கேக்கலன்னு தெரியலடா. பயமா இருக்கு."

தேநீர் போட்டுக் கொடுத்தேன். எனக்குத் தெரிந்த யோசனையும் சொன்னேன். "சந்தேகமா ஏதாவது கேட்டா கண்டுக்காத. தலைய ஒரு ஆட்டு ஆட்டிட்டுப் போயிட்டே இரு. தானா அடங்கிடும்."

குழந்தையைப்போல அதைத் தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டான். நன்றி என்றான்.

வயல் நடுவே தண்டவாளத்தைக் கடக்கும் நடைபாதையை விசாரணையின்போது நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். அங்கே ஆள் கிடையாது, மணி கிடையாது. மூடுபனி நாட்களில் நின்று காதால் கேட்டுவிட்டுத்தான் கடக்க வேண்டும். இந்தப் பக்கத்துக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான் கடக்கிறோம். நெவில் கடந்த அன்று ரயில் ஓட்டுநர் நீளமாக ஊதியிருக்கிறார். பனிக்குள் அவன் தெரிந்த கணத்தில், அவன் தலையை நிமிர்த்தியதையும், பிறகு அதை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு முன்னால் நடந்ததையும் அவர் பார்த்திருக்கிறார். விசாரணை அறிக்கையில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். விபத்து என்றும் முடித்திருக்கிறீர்கள்.

நெவிலை அவன் அம்மாவுக்குப் பக்கத்தில் புதைத்தார்கள். ஹேசல் வீட்டை விற்றுவிட்டு விட்பியில் தங்கையோடு இருக்கிறாள். ஓட்டுநர் இப்போது ரயில் ஓட்டுவதில்லை. ஆம்ப்ளிஃபயர் என்னிடம் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் மாற்றியது நான்தான். இன்றும் மாற்றி மாற்றி வைத்துத் தந்தியை மீட்டிக் கேட்கிறேன், விடியும்வரை கேட்கிறேன். இரண்டுக்கும் எந்த வித்தியாசமும் இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவனுக்கு எதுவும் கேட்டிருக்க முடியாது.