கள்ளுதானே

ஊர்காவற்றுறையில் வழக்கு முடிந்து யாழ்ப்பாண பஸ்ஸில் ஏறிய கணவனும் மனைவியும் எனக்கு முன் சீற்றில் இருந்தார்கள்.

“கள்ளுக்கும் வழக்குப் போடுவாங்கள் எண்டு ஆர் கண்டது? சாராயம் குடிச்சிருந்தால் நான் மோட்டச்சைக்கிளைத் தொட்டே இருக்கமாட்டன்.”

“பொலிஸ் ஊதச் சொல்லுற பலூனுக்குக் கள்ளு வேறை, சாராயம் வேறை எண்டு தெரியுமே?”

“தண்டமும் கட்டியாச்சு, லைசென்சையும் நிப்பாட்டிப்போட்டார். நான் ஒருத்தரையும் இடிக்கேல்லை. நீதவான் அதையாவது பாத்திருக்கலாம். நீரே சொல்லும்.”

மனைவி கடல் தெரிந்த யன்னலிலிருந்து அவர் பக்கம் திரும்பினார்.

“பொலிஸ் மறிக்கிறதுக்குக் கொஞ்சம் முந்தித்தான் எங்கடை பிள்ளையைப் பின்னாலை ஏத்திக்கொண்டுபோய் ரியூசனிலை இறக்கினனீங்கள். இண்டைக்கு அதைச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டு நிண்டனான். இன்னொருக்கால் பிடிபட்டால் நானே சாட்சிக் கூண்டிலை ஏறிச் சொல்லுவன்.”