கோழித் தீனியும் சீமை எலியும்

சுதந்திரம் வந்த வருடம். காஜா பேராங்கிலிருந்து பண்டார் ஹிலிர் போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். சன்னலோரம் இருந்தவள் திடீரென்று சொன்னாள்:

“அந்த எலி செத்தாத்தான் எனக்கு நிம்மதி, அக்கா.”

“எந்த எலி?”

“துரை சீமைக்குப் போறப்ப எங்க வீட்டுக்காரர்கிட்ட குடுத்துட்டுப் போனாரே, அந்த வாலில்லாத சீமை எலி. வேல விட்டு வந்ததும் மொதல்ல அதுக்குத்தான் புல்லு. கோழிக்குஞ்சுக்கு வாங்குற தீனியில நோய் மருந்து கலந்திருக்காம். ‘மறந்துகூட அதுக்குப் போட்டுறாத, அது வயித்துக்கு ஆகாது’ன்னு தெனம் சொல்றாரு. கத்திரிக்கா தின்னா எனக்கு உடம்பெல்லாம் தடிக்கும். பத்து வருசமா அதத்தான் பாசார்லருந்து வாங்கிட்டு வர்றாரு!”

மற்றவள் குரலைத் தாழ்த்தினாள். “போட்டுட்டியா?”

“நேத்து ஒரு கை அள்ளிக்கிட்டுத்தான் போனேன். என் காலடிச் சத்தம் கேட்டதும் விசிலடிச்சுக்கிட்டு கூண்டு வாசலுக்கு ஓடி வந்துச்சு.”

“அப்புறம்?”

“கோழிக்கே போட்டுட்டேன். அந்த வீட்டுல நான் வந்தா குரல் குடுக்குறது அது ஒண்ணுதான், அக்கா.”