பிரின்சிக்குப் பழக்கிய பதில்கள்

லக்கேஜ் என்ற சொல்லுக்குப் பன்மை கிடையாது ஐயா. ஒரு பெட்டி இருந்தாலும் லக்கேஜ், ஒன்பது இருந்தாலும் லக்கேஜ்தான். நேற்று என் வீட்டைச் சோதனை போட வந்த ஏட்டையா வாய்க்கு வாய் ‘லக்கேஜஸ்’ என்றார். திருத்தியதற்கு முறைத்தார். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், தொழில் புத்தி.

கும்மிடிப்பூண்டி பைபாஸ் பக்கம், செல்போன் கடை மாடியில் என் வகுப்பு. தொழிற்பேட்டையில் கான்ட்ராக்டில் மாரடிக்கும் பிள்ளைகள்தான் மாணவர்கள். வெளிநாட்டில் கம்ப்யூட்டர் வேலை என்று ஏஜெண்ட் குணா ஆள் பிடிப்பான். ஏர்போர்ட்டில் பேச நான் பழக்குவேன். ட்ரிப் எது, ஜர்னி எது என்பதில் தொடங்கி, அதிகாரியின் கேள்விகள் வரைக்கும். பயணம் எதற்கு என்று கேட்டால் வேலைக்கு என்று சொல்லக் கூடாது. சுற்றிப்பார்க்க, நான்கு நாள், ஹோட்டலில் ரூம் போட்டாயிற்று என்று சிரித்த முகமாகச் சுத்தமான இங்கிலீஷில் சொல்ல வேண்டும். என் பிள்ளைகள் யாரும் திணறியதில்லை, பிரின்சியைத் தவிர.

அந்தப் பெண் ஏர்போர்ட் கவுண்டரில் உண்மையைச் சொல்லி அழுதுவிட்டாள். அதிகாரி திருப்பி அனுப்பிவிட்டார். அவள் அம்மா மேரி, ஒரு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறவர். “போனா போவுது சார், பொண்ணு ஊடு வந்து சேந்துட்டா, அது போதும்” என்றார். ஆனால் டீக்கடையில் குணா, “இன்னா சார், உங்க இங்கிலீஷு மீனம்பாக்கம் தாண்டலியாமே?” என்று எல்லார் முன்னாலும் கேட்டான். சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்று சோறு இறங்கவில்லை.

அந்த வாரம்தான் இம்மானுவேல் போன் செய்தான். பிரின்சிக்கு முன்பே குணா வெளிநாட்டுக்கு அனுப்பிய என் மாணவன். குரலைத் தாழ்த்திப் பேசினான். “சார், இங்க ஆபீஸும் இல்ல, ஒண்ணும் இல்ல. முள்வேலி போட்டு அடைச்சி வெச்சிகீறானுங்க. போன்ல ஜனங்கள ஏமாத்தி டப்பு புடுங்கணும், முடியாதுன்னா கரண்டு வெக்கிறானுங்க. பாஸ்போர்ட்டயும் வாங்கி வெச்சிக்கினானுங்க. இனிமே யாரையும் அனுப்பாதீங்க சார்.”

பொறுமையாகக் கேட்டுக்கொண்டேன். பிறகு, ஏர்போர்ட்டில் அவனிடம் என்னென்ன கேட்டார்கள் என்று விசாரித்தேன். “அதுவா சார் இப்ப?” என்றான். அப்புறம் ஒவ்வொன்றாகச் சொன்னான். வாத்தியார் கேட்டால் பதில் சொல்லிப் பழகிய பிள்ளை. இரண்டு கேள்விகள் எனக்குப் புதியவை. அவற்றோடு பிரின்சி வீட்டுக்குப் போனேன்.

அவளுக்கு மறுபடி போக விருப்பமில்லை. நான்தான் பேசிப் பேசிக் கரைத்தேன். தினமும் மேஜைக்குப் பின்னால் நான் அதிகாரியாக உட்காருவேன். தோளில் பையோடு அவள் எதிரே நிற்பாள். ஒருநாள் கேட்டாள்: “சார், அங்க போயி எதுனா பேஜாருன்னா, காப்பாத்துங்கன்னு எப்டி சார் கேக்கறது?” அதெல்லாம் பிறகு பார்க்கலாம் என்றேன். இம்மானுவேல் சொன்னதை அவளிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கவனம் சிதறியிருக்கும்.

கவுண்டரைத் தாண்டியதும் முதலில் எனக்குத்தான் போன் செய்தாள். “சார், ஒரு எடத்துல கூட மாட்டல சார்” என்றாள். அன்று டீக்கடையில் எல்லாருக்கும் நானே டீ சொன்னேன். அதற்குப் பிறகு அவள் போன் அணைந்தே கிடக்கிறது.

தெரிந்தேதான் அனுப்பினேன் ஐயா. குணாமேல் பழி போட மாட்டேன். அவன் கைகழுவிய பெண்ணை மறுபடி அனுப்பச் சொன்னது நான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். போன வாரம் மேரியம்மா வந்தார். தூதரகத்தில் பேசிப் பெண்ணைத் தேட வேண்டுமாம். “எனுக்கும் நாலு வார்த்த இங்கிலீஷு சொல்லிக்குடுங்க சார், உங்கள வுட்டா எனுக்கு யாரு கீறாங்க” என்று அழுதார். திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். அதற்குள் என்னை விட்டுவிட்டால் நல்லது. ஃபீஸ்கூட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்; அந்த அளவுக்கு ஈரமில்லாதவன் இல்லை நான்.