நன்றியுரை என்றதும் எழுந்தவர்களே

விழாவுக்குத் தலைமையேற்றுத் தளராமல் அமர்ந்திருக்கும் எங்கள் பிளாக் குடியிருப்போர் சங்கத் தலைவர் செங்குட்டுவன் அவர்களே, முன்வரிசையை மொய்ம்போடு காத்துவரும் மூத்தோர்களே, அடுப்பை அணைத்துவிட்டு அன்போடு வந்திருக்கும் அன்னையர்களே, நன்றியுரை என்ற சொல் காதில் விழுந்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்ட நண்பர்களே! சண்முகசுந்தரத்தின் வணக்கம்.

உட்காருங்கள் ஐயா. காலையில் முதல் ஷிஃப்டா? எனக்கும்தான். பதினோரு ஆண்டுகளாக இந்த மேடையில் நன்றியுரை நான்தான். இன்று எனக்கே குழப்பம். நன்றி என்றால் என்ன?

அகராதியைப் புரட்டினேன். நல் என்பது வேராம். நன்று, நன்மை, நன்றி எல்லாம் அதில் முளைத்தவையாம். நன்றி என்றால் முதலில் நன்மை, செய்த உதவி! அப்படியானால் அது செய்தவருடையதல்லவா? செய்நன்றி என்றார்களே, சொல்நன்றி என்றார்களா? செய்தவர் கையில் இருந்த சொல் பெற்றவர் வாய்க்கு எப்படி வந்தது? எனக்குப் புரியவில்லை. மைக்கைப் பிடித்துக்கொண்டு இலக்கணம் நடத்துகிறானே என்கிறீர்களா? காரணம் இருக்கிறது.

போன மாதம் அடைமழையில் என் குவார்ட்டர்ஸ் வாசலில் மரக்கிளை முறிந்தது. கீழே நின்றவன் நான். ஓடிவந்து தள்ளிவிட்டவர், நம் தெருவைக் கூட்டும் முத்தாண்டிக்குப்பம் வீரம்மாள். எனக்குச் சட்டை சேறானது. அவருக்கு மணிக்கட்டு முறிந்தது. நான் அடுக்குமொழியில் அரை மணி நேரம் நன்றி சொன்னேன்.

பத்தாம் நாள் கையில் கட்டோடு வந்து நின்றார். துப்புரவு கான்ட்ராக்ட் எடுத்திருக்கும் நண்பர் வெங்கடேஷ், வீரம்மாள் தம் சொந்த வீட்டில் விழுந்ததாக எழுதி, நஷ்டஈடும் தராமல், வேறு ஆளைப் போட்டுவிட்டாராம்.

"நன்றியெல்லாம் இருக்கட்டுங்க சார். நீங்க பாத்துக்கினுதான இருந்தீங்க? அத மட்டும் எழுதிக் குடுங்க" என்றார்.

வெங்கடேஷ் என்ன நினைப்பாரோ என்று வாய் குழறியது. மறுபடியும் "நன்றிம்மா" என்றேன்! சிரிக்காதீர்கள். வெட்கமாக இருக்கிறது.

இதோ நன்றி கூற வேண்டியோர் பட்டியல். பந்தல்காரர் இருக்கிறார், ஒலிபெருக்கிக்காரர் இருக்கிறார், வெங்கடேஷும் இருக்கிறார். வீரம்மாள் இல்லை. எழுதியவன் நான்தான்.

தலைவர் அவர்களே, மணியடிக்க வேண்டாம், முடிக்கிறேன். கண்ணால் கண்டவன் சொல்கிறேன். வேலை நேரத்தில், வேலை செய்த இடத்தில், என் உயிரைக் காக்கப்போய் அடிபட்டார் வீரம்மாள். அதை இந்தப் பட்டியலின் பின்பக்கத்திலேயே எழுதி, உங்கள் முன்னால் கையெழுத்திட்டுவிட்டேன். வெங்கடேஷ், கோபம் இருந்தால் நாளை வீட்டுக்கு வாருங்கள், பேசிக்கொள்வோம்.

குழப்பம் தீர்ந்ததா? இல்லை. நன்றி அவருடையதா என்னுடையதா, இன்னும் தெரியவில்லை. வீரம்மாள் அவர்களே, ஏன் கடைசியில் நிற்கிறீர்கள்? மேடைக்கு வந்து இந்தத் தாளை வாங்கிக்கொள்ளுங்கள்.

நண்பர்களே, நன்றி என்றால் எழுந்துவிடுவது நம் பழக்கமாயிற்றே. அம்மா வருகிறார். இப்போது எழுந்திருங்கள்.

வணக்கம்.